கேடயத்துக்கு ஒரு குடை

பிள்ளைகளைக் கதைப் போட்டிக்கு இழுத்து வரும் பெற்றோரைக் கண்டாலே எனக்கு ஆகாது. இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில், தஞ்சாவூரில் ஒரு போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். 'குடை' என்று தலைப்புக் கொடுத்தோம். வந்த பிள்ளைகளோ வீட்டில் சொல்லிக்கொடுத்த காவிரித் தாய் கதையை மனப்பாடம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். வேறென்ன செய்வார்கள்? காவிரித் தாயின் கையில் ஆளுக்கொரு குடையைக் கொடுத்துவிட்டார்கள். படிக்கப் படிக்க எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது.

சீர்காழியிலிருந்து வந்த ஏழாம் வகுப்புச் சிறுமி மட்டும் வேறு கதை எழுதியிருந்தாள். மழையில் வீடு திரும்பும் ஓர் அம்மா, மகள் ஜெயித்த கேடயத்துக்குக் குடை பிடிக்கிறாள். மகள் நனைந்துகொண்டே பின்னால் நடக்கிறாள். எழுதிய சிறுமிக்குத்தான் முதல் பரிசான கேடயம். மேடையிலேயே கதையைப் படித்தாள்.

அவள் இறங்கியதும் அம்மா என்னிடம் பாய்ந்து வந்தார்.

"நான் சொல்லிக்குடுத்த கதைய இவ எழுதவே இல்லைங்க. பரிச வேற யாருக்காவது குடுத்துருங்க."

"கதை நல்லா இருக்குங்க. அதான் குடுத்தோம்."

"என்னத்த நல்லா இருக்கு? எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிக்கிறாங்க. நடடி வீட்டுக்கு!"

வெளியே நல்ல மழை. அவர் குடையை விரித்துக்கொண்டு விடுவிடுவென்று முன்னால் போனார். சிறுமி வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு கேடயத்தை இரண்டு கைகளாலும் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

"அடியே, ஷீல்டு நனையுதுடி!" என்று அம்மா திரும்பிக் கத்தினார். அவள் கையை இறக்கவில்லை.

இப்போதும் நடுவராகக் கூப்பிடுகிறார்கள். கேடயம் என்றால் வரமாட்டேன், குடையாக வாங்கிக் கொடுங்கள் என்கிறேன். சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை.