கேத்தல்மேல் போட்ட பழி

ஷிபானாவுக்குக் கோபம் வந்தால் மகாவலி ஆறு ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் ஓடும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் கேளுங்கள், நாலு பேர் சாட்சி சொல்வார்கள். மற்ற வேளைகளில் சாதாரணப் பெண்தான். வாப்பாவுக்கு ஒரு சைக்கிள் கடை. இவளுக்குக் கண்டியில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பனியில், கணினிச் சேர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

அந்தச் சேர்வர் வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் மட்டும் விழுந்தது. விழுந்தால் பில் போட முடியாது. மருந்து வாங்க வந்த கடைக்காரர்கள் கூரை பறக்கக் கத்துவார்கள். மூன்றாம் முறை விழுந்தபோது மேனேஜர் ரவிகுமார் பாய்ந்து வந்தார். சேர்வர் அறைக்கு வெளியே இருந்த பிளக்கில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பேச்சியம்மா நின்றார். பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கூட்டித் துடைத்துத் தேநீர் போடுகிறவர். முஸ்லிம் ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போனபின் மிஞ்சியிருப்பவர்களுக்காக, வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானத்திலும் ஒரு தேநீர் உண்டு.

"நீ கேத்தல் போடுற நேரம் பார்த்துத்தான் சேர்வர் விழுது. வயரப் புடுங்கிட்டுத்தானே போடுற?"

"ஐயோ, இல்லைங்க ஐயா. அந்த ரூமுக்குள்ள நான் காலே வச்சதில்ல."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

தாய் வயதுப் பெண்ணை 'நீ' என்றார். திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பேச்சியம்மாவின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஷிபானா மட்டும் நிமிர்ந்தாள். "சேர், கரண்ட் போனா மெஷின் சத்தமில்லாம செத்துப் போகும். இது டம்ப் எழுதி வச்சிட்டுத்தான் விழுந்தீக்குது. வயர் கழண்டா எப்பிடி எழுத ஏலும்?"

"தேத்தண்ணி ஊத்துறவளுக்காக நேரத்தை வீணாக்காதீங்க, மிஸ்."

மெஷினின் அடிமனம் போல உள்ளே இருந்து எல்லாவற்றையும் நடத்துவது கேர்னல். தாங்க முடியாத தவறு ஒன்று நடந்தால் அது எல்லாவற்றையும் நிறுத்திவிடும். நிறுத்துமுன் அந்த நொடியில் நினைவகத்தில் கிடந்ததை அப்படியே ஒரு கோப்பில் கொட்டிவைக்கும். அதுதான் டம்ப். எண்களும் எழுத்துகளுமாக ஒரு பெரும் குப்பைமேடு. ஷிபானா சனியும் ஞாயிறும் அதைக் கிளறினாள். உம்மா கொண்டுவந்து வைத்த இடியப்பம் காய்ந்து, தட்டினால் ஓசை கேட்கும் பதத்துக்கு வந்திருந்தது.

விழுந்த நொடியில் கேர்னலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, வரவு பதியும் விரல்ரேகைக் கருவியை இயக்கும் மென்பொருள், அதாவது அதன் டிரைவர். முன்வாசலில் ஒரு கருவி, பின்வாசலில் ஒன்று. முன்வாசல் கருவி வேலை முடிந்ததென்று விட்டுவிட்ட நினைவகத் துண்டில், பின்வாசல் கருவி இன்னும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது; அந்த மோதலில்தான் கேர்னல் நின்றது. மற்ற நாட்களில் ஆட்கள் பஸ்ஸுக்கேற்ப முன்பின்னாக வருவார்கள், போவார்கள். ஜும்ஆவுக்குத்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் இரு வாசல்களிலும் விரல் வைத்துவிட்டு ஓடுவார்கள். அந்தக் கருவிகளைச் சிநேகிதன் ஒருவனிடம் மலிவாக வாங்கி மாட்டியவர் யார்? சாட்சாத் ரவிகுமார்!

திங்கட்கிழமை, பில் வேலை முடிந்தபின், ஷிபானா கேத்தலைக் கழற்றி மேனேஜரின் கையிலேயே கொடுத்தாள்.

"இத வச்சிக்கொள்ளுங்க, சேர். சாஹுல் நானா, நீங்க பாதிப் பேரோட முன்னுக்கு நில்லுங்க. மத்தவங்க பின்னுக்கு. ஜும்ஆவுக்கு ஓடுற மாதிரி விரல வைங்க!"

"இந்த அவசரம் தொழுகைக்கு மட்டுந்தான் வரும், புள்ள," என்றார் ஊழியர்களில் மூத்தவரான சாஹுல் ஹமீது. ஆனாலும் வைத்தார்கள். இரண்டாம் சுற்றிலேயே சேர்வர் விழுந்தது.

ரவிகுமார் கேத்தலோடு நின்றார். "சரி, அந்த டிரைவரைக் கழட்டுங்க. அந்த அம்மாவுக்கு நாளைக்கு வரச் சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன். போகச் சொன்னது நீங்க."

அவளே எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தாள்.

"பேச்சியம்மா, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு வாங்க," என்றார் ரவிகுமார்.

"என்னங்க ஐயா நடந்துச்சு?"

"அதான்... சேர்வர் பிரச்சினை. முடிஞ்சிருச்சு."

"எல்லாரும் பாக்கத்தானே என்னைப் போகச் சொன்னீங்க. என்ன நடந்துச்சுனு அவங்களுக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க, நாளைக்கு வாறேன்."

யாரும் இம்முறை தரையைப் பார்க்கவில்லை. ரவிகுமார் போனை நோக்கிக் குனிந்தார்.

"நீங்க ஒண்ணும் செய்யல்ல. நான் வாங்கின மெஷின்லதான் பிழை."

"சத்தமாச் சொல்லுங்க ஐயா. இங்கிட்டு மழை பெய்யுது."

அவர் சத்தமாகச் சொன்னார்.