துத்தத்தில் சிவந்த கொடுவாள்

எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. மாத்திரைகளை எண்ணுகிறேன், ஜன்னல் கம்பிகளை எண்ணுகிறேன், எண்ணி முடித்ததும் சந்தேகம் வந்து மறுபடி எண்ணுகிறேன். அந்த மனிதரின் வாயிலிருந்து விழுந்த பற்கள் மூன்று. அதை மட்டும் மறுபடி எண்ண வேண்டியதில்லை.

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். மருந்து தெளிக்கும் பம்பு விற்கிற கம்பெனி ஒன்றில், ரசாயனம் படித்தவன் என்று என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள். கொல்லிமலையில் குண்டனி நாட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் எங்கள் பம்புகளின் இரும்புப் பாகங்கள் அரித்துப்போயின. காரணம் பார்க்க என்னை அனுப்பினார்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடந்தே ஏறினோம். மைக்ராஸ்கோப் பெட்டி ஒரு கூலியாளின் தலையில் இருந்தது. அவர் கால் இடறும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

காப்பி இலைக்குத் தெளிப்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர். துத்தத்தை முதலில் மரத்தொட்டியில் தனியாகக் கரைப்பார்கள். அந்த நீலத் தண்ணீரில் இரும்பு படக்கூடாது. மரக்கோலால்தான் கலக்க வேண்டும். நான் மருந்துக் கொட்டகை வாசலில் மேசை போட்டு, இரும்புத் துண்டைத் தேய்த்து மெருகேற்றி, ஒரு கண்ணாடியால் வெயிலை அதன்மேல் சாய்த்து, ஒரு துளி துத்தத் தண்ணீர் விட்டுக் மைக்ராஸ்கோப் குழல் வழியே பார்ப்பேன். வெறும் கண்ணுக்கு இரும்பு சிவக்கிறது, அவ்வளவுதான். குழலுக்குள் அது அடிதடி. இரும்பு குழிகுழியாகக் கரையும். பக்கத்திலேயே துத்தத்தில் இருக்கும் தாமிரம் செம்புள்ளியாக முளைத்து, கிளைவிட்டு, அடுத்த கிளையை முட்டித் தள்ளி, கடைசியில் இரும்பே தெரியாமல் மூடிவிடும்.

ஒரு நாள் முற்பகலில் பலாத்தோப்பில் ஒரு விவசாயி கழுத்தில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். தூளி கட்டி மலையிறக்கினார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. செய்தி கேட்டதும் அவருடைய அண்ணன் ஆட்களோடு தோட்டத்துக்குள் நுழைந்தான். அவனோடு சேர்த்துப் பதினோரு பேர். தோட்டத்தில் துத்தம் கரைக்கும் ஆளுக்கும் செத்தவருக்கும் வரப்புத் தகராறாம். அந்த ஆளின் கொடுவாள் தொட்டியோரம் கிடந்தது. முனையிலிருந்து பாதிவரை சிவப்பு.

அண்ணன்காரன் அதைத் தண்ணீரில் முக்கிக் கழுவினான். சிவப்பு போகவில்லை.

"பாத்தீங்களாடா! கொல பண்ணுன இரும்பு ரத்தத்தக் கக்கும், கழுவுனாலும் போவாது!"

"நா வெட்டலீங்க. துத்தங்க அது. கோலு முறிஞ்சுபோச்சு, கொடுவாள்ல கலக்கி..." என்றார் துத்தம் கரைப்பவர்.

கூட்டத்தில் ஒருவனின் மண்வெட்டிக் காம்பு அவர் வாயில் இறங்கியது. சிந்திக் கிடந்த சுண்ணாம்பின்மேல் பற்கள் விழுந்தன. பல் எது, சுண்ணாம்புக்கட்டி எது என்று ரத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. அடுத்த அடி இடது கைக்கு. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நான் நடுவே போய் விழுந்தேன். "அவர் சொல்றது நெசம். அது ரத்தமில்லை, தாமிரம். எந்த இரும்பும் துத்தம் பட்டா இப்படித்தான் ஆகும்."

"ஏனுங்க, படிச்சவங்க தள்ளி நில்லுங்க," என்றான் ஒருவன் மிகவும் மரியாதையாக. "கை தவறி உங்க மண்ட பொளந்துட்டா எங்களத் திட்டப்படாது."

"ஒரு கொடுவாள் குடுங்க. காட்டறேன்."

அண்ணன்காரன் இடுப்பிலிருந்து தன்னுடையதை உருவி மேசையில் எறிந்தான். "காட்டுங்க. செவக்கலீன்னா இவன் தல இங்கியே உழுகும்."

துளி விட்டேன். சிவக்கவில்லை. சேம்பிலையில் நிற்கும் தண்ணீரைப் போலத் துளி உருண்டு நின்றது.

"சுத்தமான இரும்புடா! கக்குறதுக்கு அதுல என்ன இருக்குது?" என்றான் அண்ணன்காரன்.

விழுந்து கிடந்தவரின் விலாவில் மிதிக்கத் தொடங்கினார்கள். ஒருவன் அவர் முடியைப் பிடித்துக் கழுத்தை நீட்டினான். நான் குழலில் கண்ணை வைத்தேன். துளிக்கு அடியில் வானவில் நிறத்தில் ஒரு படலம். எண்ணெய்!

"காலையில பலாப்பழம் அறுத்தீங்களா?"

"அறுத்தேன். அதுக்கென்ன இப்ப?"

பால் ஒட்டாமலிருக்க, பலா அறுக்கும் முன் கொடுவாளுக்கு எண்ணெய் தடவுவது அந்த மலையில் எல்லா வீட்டிலும் வழக்கம். கொட்டகை அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளிப் பரபரவென்று தேய்த்தேன். அவசரத்தில் கட்டைவிரல் வெட்டுப்பட்டது. என் ரத்தம் இரும்பில் வழிந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், சுத்தமாக வந்துவிட்டது.

"இது ரத்தம். துடைச்சா போயிடுது, பாருங்க. இப்ப இதைப் பாருங்க."

அதே இடத்தில் துளி விட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் இரும்பு சிவந்தது. துடைத்தேன். சிவப்பு அப்படியே நின்றது.

அடுத்து நடந்ததை நான் நினைக்கவே இல்லை. கூட்டத்திலிருந்து ஒருவன், "டேய், அண்ணன் கொடுவாளும் கக்குதுடா!" என்றான். மண்வெட்டிக் காம்பு அண்ணன்காரன் பக்கம் திரும்பியது. அவன் தோளில் ஓர் அடியும் விழுந்துவிட்டது. தம்பியை இழந்தவன், தோளைப் பிடித்துக்கொண்டு தன் ஆட்களையே பார்த்தான்.

"எல்லாக் கொடுவாளையும் வையுங்க!" என்று கத்தினேன். தொண்டை அன்று கெட்டது. குரல் இன்னும் சரியாகவில்லை.

ஒவ்வொன்றாகச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் துளி விட்டேன். மிச்சமிருந்த பத்தும் சிவந்தன. ஒவ்வொருவனும் தன் இரும்பைத்தான் முதலில் பார்த்தான், பிறகு பக்கத்தவனுடையதை. அண்ணன்காரன் மட்டும் குனிந்து குழலுக்குள் வெகுநேரம் பார்த்தான்.

"உள்ளார மொளைச்சுக்கிட்டே போகுதுங்க," என்றான். நிமிர்ந்தபோது காம்பு வைத்திருந்தவனிடம் கேட்டான். "அப்ப எவன்டா வெட்டுனது?"

அவன் காம்பைக் கீழே போட்டான். வெட்டியது யார் என்று எனக்கும் இன்றுவரை தெரியாது. அவரவர் கொடுவாளை எடுத்துக்கொண்டு போனார்கள். கீழே ஓடையில், கல்லில் இரும்பைத் தேய்க்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

அடிபட்டவர் தவழ்ந்து வந்து தன் கொடுவாளை எடுத்தார். சாம்பலைத் தொட்டார். முறிந்த கையால் கொடுவாளைப் பிடித்துக்கொண்டு தேய்க்க முடியவில்லை. வாய் நிறைய ரத்தத்தோடு என்னிடம் நீட்டினார். வாங்கித் தேய்த்தேன். சிவப்பு போய் இரும்பு வெளுக்கும்வரை அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.