ஓரம் விலகிய காசு

நான் வங்கியில் காசாளர். பிழையாக அச்சான காசுகளைச் சேர்க்கும் கிறுக்கு எனக்கு உண்டென்று திருவிடைமருதூர் முழுக்கத் தெரியும். அவை லட்சக்கணக்கில் விலை போகும் என்று எவனோ யூடியூபில் சொல்லிவைத்தான். அன்றிலிருந்து தண்டவாளத்தில் நசுங்கியது, அரத்தால் ராவியது, அடுப்பில் கிடந்தது என்று எதையாவது கொண்டுவந்து கவுண்டரில் நீட்டுகிறார்கள். எரிச்சலாக வரும். நாணயச் சாலையில் நேர்ந்த பிழை வேறு, கை மாறித் தேய்ந்தது வேறு, நாமே கெடுத்தது வேறு. தேய்ந்த காசில் மேடான இடங்கள் முதலில் மழுங்கும், எழுத்து மெல்ல மங்கும். விலகி அச்சான காசில் எழுத்து தெளிவாகவே இருந்து பாதியில் அறுந்துபோகும். ஓரத்தில் பிறை போல வெற்றிடம் விழும், மறுபக்கமும் அதற்கு நேர் பின்னாலேயே விழும்.

அப்படி ஒரு மஞ்சள் நிற ஐந்து ரூபாய்க் காசை என் தம்பிக்குக் கொடுத்திருந்தேன். அக்கா கொடுத்தது என்று அவன் வீட்டில் காட்ட, அவன் மனைவி அதைப் பூஜை மாடத்தில் வைத்தாள். பித்தளை மாதிரி இருக்கிறதே என்று ஒரு வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேங்காய் நாரால் துலக்கியும் விட்டாள். பிறை முழுக்க வட்ட வட்டமாகக் கீறல்.

"காசக் கெடுத்துட்டியே, இனிமே எவன் இத வாங்குவான்?" என்று கத்தினேன்.

"அழுக்கா இருந்துச்சு அண்ணி" என்றாள்.

"விக்கிறதுக்கா வச்சிருக்கேன்?" என்று தம்பி சிரித்தான். காசைத் துணியில் முடிந்து அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். அதன் பிறகு அதை அவிழ்க்கவே இல்லை.

மேட்டூர் நிரம்பி, உபரித் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திறந்துவிட்டார்கள். தம்பி படுகையில் வாழை போட்டிருந்தான். ஆற்றில் இறங்காதீர்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மோட்டாரை மட்டும் கழற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று இறங்கினான். மடையன். மோட்டார் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை.

வெள்ளம் வடிந்தது, வாழை அழுகியது. அவன் மனைவி பொட்டை எடுக்கவில்லை. "நல்லா நீந்துவாரு அண்ணி, எங்கயாவது கரையேறிருப்பாரு" என்பாள். தினமும் அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தாள். யாராவது காரியம் என்ற பேச்சை எடுத்தால் அடிக்காத குறையாக விரட்டுவாள். அவளைத் திருத்த நான் முயலவில்லை. அந்த நம்பிக்கை எனக்கும் வேண்டியிருந்தது.

பிறகு ஒருநாள் முகத்துவாரத்துப் பக்கமிருந்து போலீஸ் கூப்பிட்டது. அலையாத்திப் புதரில் ஓர் உடல் ஒதுங்கியிருந்ததாம். பிணவறை வாசலில் ஏட்டு எங்களை நிறுத்தினார். "மொகம் இல்லம்மா, பாக்க வேணாம். டிஎன்ஏ டெஸ்ட் ரிசல்ட் வர மாசக்கணக்கா ஆகும். இடுப்புக் கயித்துல இது இருந்துச்சு, பாருங்க."

பிளாஸ்டிக் உறைக்குள் கறுத்துப்போன ஒரு காசு. ஓரத்தில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது.

தம்பி மனைவி முந்திக்கொண்டாள். "இது மணல்ல உருண்டு தேஞ்ச காசு. அவரோடது இல்ல. அண்ணி, நீங்க பாத்துச் சொல்லுங்க."

பையிலிருந்து லென்ஸை எடுத்தேன். எத்தனையோ காசுகளை, இது பிழையாக இருக்கவேண்டுமே என்ற ஆசையோடு பார்த்திருக்கிறேன். அன்று, வெறும் தேய்மானமாக இருந்துவிடக் கூடாதா என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். எழுத்து மங்கியிருக்கவில்லை, பாதியில் அறுந்திருந்தது. திருப்பினேன். நேர் பின்னால் பிறை. இப்படி இன்னொரு காசு உலகத்தில் இருக்காதா என்று மனது அடித்துக்கொண்டது. ஏட்டைக் கேட்டுக்கொண்டு உறையிலிருந்து எடுத்து முந்தானையால் கறுப்பைத் துடைத்தேன். பிறைக்குள் வட்ட வட்டமாகக் கீறல்கள். ஆறும் கடலும் அப்படிக் கீறாது. துணி முடிச்சு அவற்றை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தது.

"தேஞ்சதுதானே அண்ணி?"

லென்ஸை அவளிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"அன்னிக்குத் திட்டுனீங்களே, அந்தக் கீறலா?" என்றாள். நான் தலையசைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு உடலையும் காசையும் கொடுத்தார்கள். உடல் இருந்த நிலையில் வீட்டுக்குள் கொண்டுபோக முடியவில்லை. வாசலில் ஆம்புலன்ஸை நிறுத்தியே சடங்கு நடந்தது. சடங்கு செய்தவர், துணி சுற்றிய தலைமேல் வைக்க நெற்றிக்காசு கேட்டார். நான் பர்ஸைத் துழாவினேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

வாங்கியவர் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். "தேஞ்ச காசா இருக்கேம்மா, வேற நல்ல காசா குடுங்க."

"தேயலைங்க" என்றாள் அவள். "அடிக்கும்போதே இப்படித்தான் அடிச்சிருக்காங்க. அவரோடதுதான், வைங்க."