பால் படாத கரண்டி

காலையில் எழுந்ததும் புருல்சாவின் கண் மகளின் உதட்டுக்குத்தான் போகும். வீக்கமில்லை, தடிப்பில்லை என்று பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். பெரிசாத்துக்குப் பால் ஆகாது. முட்டை ஆகாது. அக்ரூட் கொட்டையும் ஆகாது. மூன்று வயதில் ஒரு விருந்தில் யாரோ ரொட்டியில் பாலாடை தடவிக் கொடுத்தார்கள். தொண்டை அடைத்து, மூச்சு இழுத்து, பக்கத்து வீட்டுக் காரில் நகரத்துக்குப் பறந்தார்கள். ஊசி போட்டுப் பிழைக்கவைத்த டாக்டர், இதெல்லாம் இனி நாக்கில்கூடப் படக்கூடாது என்றார்.

சொல்வது சுலபம். தேநீரில் பால், ரொட்டிமேல் பாலாடை, சட்டைப் பையில் உலர்ந்த தயிருருண்டை, பயணம் புறப்படுகிறவருக்கு ஒரு வாய்ப் பால் என்று வாழ்கிற தலாஸ் பள்ளத்தாக்கில் விடிந்ததும் பிள்ளைக்கு வேறு என்ன கொடுப்பது என்பதை அவர் சொல்லவில்லை. பெரிசாத் கறுப்புத் தேநீரில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றாள். வெயில் ஏறுவதற்குள் வயலோரம் துவண்டு உட்கார்ந்தாள். ஆட்டை அறுத்தாலும் நல்ல துண்டு விருந்தாளிக்கு. ரஷ்யாவில் கட்டட வேலை செய்த கணவன் ரிஸ்பெக் போனில் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தான்: அக்காவைக் கேள்.

அக்கா என்றால் அவனுடைய அக்கா கானிஷாய். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சமையல்காரி. செப்டம்பரில் பெரிசாத் சேரப்போவது அங்கேதான். காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பால்கஞ்சி வார்ப்பதும் அவள் கைதான். வெள்ளை நிறத்துச் சாப்பாடு அனைத்தும் புனிதம் என்பது அவள் கட்சி. ஒரு பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லையா? குற்றம் பிள்ளையுடையது, இல்லாவிட்டால் பெற்றவளுடையது. பாலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற யாரும் தயாராயில்லை.

விடை வீட்டு முற்றத்திலேயே மூட்டை மூட்டையாகக் கிடந்தது. புருல்சா விதைத்து, களையெடுத்து, கல் பொறுக்கிய ராஜ்மா பயறு. துருக்கி வியாபாரிகள் வந்து லாரியில் ஏற்றிப்போவார்கள். அது சரக்கு. அதைத் தின்னலாம் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு நாள், பாரம் ஏறக் காத்திருந்த துருக்கி ஓட்டுநர் லாரிக்குப் பக்கத்தில் சின்ன அடுப்பு மூட்டி, வெங்காயம் வதக்கி, வேகவைத்திருந்த அதே பயற்றைக் கொட்டிக் கிளறி, ரொட்டியோடு காலைப் பசியாறிக்கொண்டிருந்தான். இதில் என்ன இருக்கிறது என்று புருல்சா சைகையால் கேட்டாள். அவன் முழங்கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. எந்தெந்த ஊர்ப் பிள்ளைகளுக்கோ சத்தை மூட்டைகட்டி அனுப்பிவிட்டு, தன் பிள்ளையை வெறும் தேநீரில் வளர்க்கிற புத்தியை யார் கொடுத்தது?

முதல் முறை அரைவேக்காடு. தாய்க்கும் மகளுக்கும் வயிறு கலங்கிவிட்டது. பிறகு முந்தின நாளே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்டு, விரலால் நசுங்கும்வரை வேகவைத்தாள். சிவப்புப் பயற்றைப் பெரிசாத் துப்பினாள். வெள்ளையை மசித்து, ஆட்டுக் கொழுப்பில் வதக்கிய வெங்காயம் சேர்த்து ரொட்டியில் தடவியபோது இரண்டாவது துண்டு கேட்டாள். இன்னொரு நாள் பச்சைப்பயறும் அரிசியும், அடுத்த நாள் கொண்டைக்கடலை. ஆடு அறுத்தால் ஈரலை முதலில் ஒளித்துவைத்தாள். பெரிசாத் வயலோரம் உட்காருவது நின்றது.

களத்துப் பெண்கள் விடவில்லை. புருல்சா மகளுக்குச் சரக்கையே ஆக்கிப்போடுகிறாள், நாளைக்கு டிராக்டரையும் வேகவைப்பாள் என்றார்கள். பெரிசாத்துக்கு வேறு கவலை. "அம்மா, நெறையத் தின்னா எனக்குள்ள மொளச்சிருமா?"

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் காலை கானிஷாய் வந்தாள். புருல்சா தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோது மேசையில் பால் கிண்ணம் இருந்தது. பெரிசாத் உதட்டைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"வெரல்ல ஒரு சொட்டு தொட்டு வச்சேன், அவ்வளவுதான்," என்றாள் கானிஷாய். "பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு வெள்ளை காட்டாம அனுப்புறதா?"

விரல் பட்ட இடம் இருவரும் பார்க்கப் பார்க்கச் சிவந்து தடித்தது. மேலுதடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. புருல்சா வாளியைப் போட்டுவிட்டு ஓடி, மகளின் வாயைக் கழுவி, டாக்டர் எழுதித் தந்திருந்த மருந்தைக் கொடுத்து, மார்பில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூச்சு சீராகத்தான் வந்தது. வீக்கம் உதட்டைத் தாண்டவில்லை. தாண்டாது என்று நம்பிக்கை வர வெகுநேரமாயிற்று. அதுவரை கானிஷாய் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"நீங்க நம்புறதுக்கு என் பிள்ள உதடுதான் கெடச்சுதா, எஜே?"

அந்த ஊரில் மூத்தவளை எஜே என்றுதான் அழைப்பார்கள். ஆனால் எந்த எஜேயிடமும் யாரும் இந்தத் தொனியில் பேசியதில்லை.

"நீ சும்மா செல்லம் கொடுக்குறேன்னு நெனச்சேன்," என்றாள் கானிஷாய்.

"இப்பத் தெரிஞ்சுபோச்சு. தொண்டைக்குள்ள போயிருந்தா?"

கானிஷாய் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் பால் சிந்தியது. பாலைச் சிந்தினால் பாவம் என்று ஊருக்கே சொல்கிறவள் அவள்.

மறுநாள் புருல்சா மகளை வகுப்பில் விட்டுவிட்டு, வீடு திரும்பாமல், மசித்த பயற்றுத் தூக்கோடு நேரே சமையலறைக்குப் போனாள். தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, இல்லையென்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லத்தான் போனாள். சொல்ல அவசியமிருக்கவில்லை. மூலையடுப்பில், கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றிய புதுச் சட்டி ஒன்று இருந்தது. பக்கத்தில் புதுக் கரண்டி. கானிஷாய் தூக்கை வாங்கிச் சட்டியில் சரித்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

புருல்சா வெளியே வந்து ஜன்னலோரம் நின்றாள். சட்டி வந்துவிட்டது. இத்தனை வருஷம் பால்கஞ்சி கிளறிய கை?

மணி அடித்தது. பிள்ளைகள் இடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கானிஷாய் வார்த்தாள், வார்த்தாள், வார்த்தாள். பெரிசாத் தட்டை நீட்டினாள். கானிஷாயின் கை, பால் சொட்டுகிற கரண்டியோடு, சிவப்புத் துணிச் சட்டியை நோக்கிப் போயிற்று.

புருல்சா கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினாள்.

சட்டியை எட்டுமுன் அந்தக் கை நின்றது. கானிஷாய் கரண்டியைத் தூர வைத்தாள். பிள்ளைகள் கூச்சலிட, தொட்டிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு புதுக் கரண்டியை எடுத்தாள். பெரிசாத் உட்கார்ந்து தட்டை வழித்துத் தின்றாள்.

புருல்சா ஓங்கிய கையை இறக்கிக்கொண்டாள். நாளைக்கும் இங்கே வந்து நிற்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.