வயிற்று வலியோடு வந்த தோள்வலி

1937-ம் வருஷம், அதாவது தாது வருஷம் மாசி மாதம், காரமடை ரங்கநாதர் தேர் அன்று காலையில் கோயமுத்தூரில் நடந்தது இது.

அப்போது நாங்கள் உக்கடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். பஞ்சுக் கிட்டங்கியில் எனக்குக் கணக்கெழுதும் வேலை. தினமும் நடப்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். மழை பெய்த நாள், விருந்தாளி வந்த நாள், காபி கிளப்பில் சாப்பிட்ட நாள் எல்லாம் அதில் இருக்கும். புத்தகங்களும் நிறையப் படிப்பேன். வைத்தியப் புத்தகம்கூட இரண்டு வைத்திருந்தேன். அதனால் வீட்டில் யாருக்கு என்ன நோவு என்றாலும் எனக்கே தெரியும் என்ற எண்ணம்.

தேருக்கு மூன்று நாள் முன்பு என் மனைவிக்கு அடிவயிற்றில் வலி வந்தது. எங்கள் பக்கம் அந்த நாளில் பெண்களை எடுத்த எடுப்பில் டாக்டரிடம் கூட்டிப்போக மாட்டார்கள். வீட்டுக்காரர்தான் போய்ச் சொல்லி மருந்து வாங்கி வருவார். நானும் அப்படியே செய்தேன். வலி ஆரம்பித்த நேரம், அதற்கு முன் சாப்பிட்ட பச்சைக் கடலை, வாந்தி இல்லை என்பது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தெரிந்த டாக்டர் ஒருவரிடம் போனேன். "இப்படி எழுதிக்கிட்டு வந்தா எங்க வேலை பாதி மிச்சமுங்க" என்று அவர் மெச்சினார். அஜீரணத்துக்கு ஒரு பாட்டில் மிக்ஸ்சர் கொடுத்தார். அந்த மெச்சலும் சேர்ந்து என் நோட்டில் ஏறியது.

தேர் அன்று காங்கேயத்திலிருந்து என் அக்கா வந்திருந்தாள். காலை ரயிலில் எல்லோரும் காரமடை போவதாக ஏற்பாடு. புறப்படும் நேரத்தில், தலை வாரிக்கொண்டிருந்த என் மனைவி சீப்பைக் கையில் பிடித்தபடியே சுவரோரம் சரிந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் விழித்தாள். உதடு வெளுத்திருந்தது.

"தம்பி, இது குடல் ஏறிக்கிச்சாட்ட இருக்குதடா. நம்ம வீதிக் கோடியில குடல் தட்டறவ இருக்கறாளாமே, கூட்டியா. நல்லா விளக்கெண்ணெய் போட்டு நீவி உட்டாச் சரியாப் போயிரும்" என்றாள் அக்கா.

எனக்குச் சுரீரென்றது. வைத்தியப் புத்தகம் படித்தவன் வீட்டில் குடல் தட்டுவதா? அந்த வீம்பில்தான் ஒரு குதிரை வண்டி பிடித்தேன். டவுனில் லேடி டாக்டர் ஒருவர் எட்டுக் கட்டில் போட்டுச் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி நடத்தி வந்தார். எங்கள் கொங்குச் சீமைக்காரர்தான், எங்கள் பேச்சுப் பேசுகிறவர். நேராக அங்கே போனோம்.

டாக்டரம்மா என் மனைவியைப் படுக்க வைத்து, "என்ன பண்ணுது கண்ணு?" என்றார். நான் உடனே நோட்டுக்குள் வைத்திருந்த தாளைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தேன். பச்சைக் கடலை வரைக்கும் வந்திருப்பேன்.

"ஏனுங்க, நோவு உங்களுக்குங்களா, அம்மணிக்குங்களா?"

அக்கா சிரித்துவிட்டாள். நான் விடவில்லை. "கர்ப்பமா இருக்குமோன்னு நீங்க கேப்பீங்க. இல்லீங்க. மாசி மூணாந் தேதி வீட்டு விலக்காகி மூணு நாள் தனியாத்தான் இருந்தா. அந்த மூணு நாளும் நான் காபி கிளப்புல சாப்பிட்டேன். நோட்டுல இருக்குது" என்றேன்.

"நோட்டு நல்லாருக்குதுங்க. அதையும் உங்க அக்காவையும் கூட்டிக்கிட்டு அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார்.

துணித் திரைதானே, பேச்சு அப்படியே கேட்டது. வலி எங்கே ஆரம்பித்தது, திடீரென்று வந்ததா மெல்ல வந்ததா, தலை சுற்றியதா என்று கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு பேசாமல் காத்திருந்தார். அந்தக் காத்திருப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை. பதில் என் நாக்கு நுனியில் நின்றது.

"வவுத்தை விட்டா வேறெங்காச்சும் வலிக்குதா?"

"இல்லீங்க. இந்தத் தோளு கொஞ்சம். அது மாவாட்டுனதுங்க."

தோளா? அது என் தாளில் இல்லை.

"எந்தத் தோளு?"

"வலதுங்க."

"எந்தக் கையில ஆட்டுவே?"

"எனக்கு எடது கைப் பழக்கமுங்க."

பிறகு டாக்டரம்மாவின் குரல் மாறியது. "படுத்தா தோளு அதிகமா வலிக்குதா, உக்காந்தா வலிக்குதா?"

"படுத்தாத்தானுங்க. அதனால ரெண்டு ராத்திரியா உக்காந்தே கெடந்தேன்."

அதுவும் எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

"மாசி மூணாந் தேதி தனியா இருந்தியே. அது எப்பவும் போல வந்துதா?"

என் மனைவி பதில் சொல்ல வெகுநேரமானது. "இல்லீங்க. கொஞ்சம் கறுப்பா, பட்டும் படாமத்தான். ஆனா சொட்டுப் பட்டாலும் தனியா இருக்கோணுமல்லங்க, அதான் இருந்தேன். அதுக்கு முந்தி நாள் தள்ளித்தான் போயிருந்துது. ஆறு வருஷமாச்சுங்க கல்யாணமாயி. சொல்லிப்போட்டு அப்புறம் இல்லைன்னு ஆயிட்டா இவங்க மொகத்தைப் பார்க்க முடியாதுங்க. அதான் சொல்லலை."

"ஏனுங்க!" என்று டாக்டரம்மா திரைக்கு மேலாகக் கூப்பிட்டார். "உங்க நோட்டுல இதுக்கு முந்தி காபி கிளப்புக்குப் போன தேதி இருக்குதுங்களா?"

நோட்டைப் புரட்டினேன். மார்கழி இருபது. விரல் விட்டு எண்ணினேன். நாற்பது நாளைத் தாண்டியது. இரண்டு தேதியையும் என் கையால்தான் எழுதியிருந்தேன். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அக்காவை உள்ளே கூப்பிட்டு என் மனைவியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். திரை பாதி விலகியதில் நானும் பார்த்தேன். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். கைக் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடி பிடித்தார். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றில் பூப்போல வைத்தார். அவர் பார்வை வயிற்றில் இல்லை, என் மனைவியின் முகத்திலேயே இருந்தது. பிறகு இடது கையை வயிற்றில் பதித்து, அதன் விரல்மேல் வலது கை நடுவிரலால் தட்டினார். டின்னில் எண்ணெய் எதுவரைக்கும் இருக்கிறது என்று செக்குக்காரர்கள் தட்டிப் பார்ப்பார்களே, அதேபோல. நடுவில் டொண்டொண் என்றது, விலாவோரம் மொத்தென்றது. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி தட்டினார். மொத்தென்ற இடம் மாறிவிட்டது! எனக்கே அது காதில் விழுந்தது.

வெளியே வந்தார். "கரு பையில தங்காம, அதுக்குப் போற கொழாயிலயே தங்கீருக்குது. கொழாய் வெடிச்சு வவுத்துக்குள்ள ரத்தம் கொட்டுதுங்க. அந்த ரத்தம் மேல போய் ஈரலுக்கு மேல, நெஞ்சுக்கும் வவுத்துக்கும் நடுவுல தட்டாட்ட இருக்கற சதையைத் தொட்டா, வலி தோளுல தெரியும். இப்பவே திறக்கோணும்."

"கத்தி வெக்கறதா?" என்று அக்கா அலறினாள். "காங்கேயத்துல அவ பொறந்த ஊட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பாம எப்படிங்க?"

"தாராளமாச் சொல்லியனுப்புங்க. ஆளு காங்கேயம் போய்ச் சேர்றதுக்குள்ள இந்த அம்மணி இருக்க மாட்டா."

நான் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு நேரம் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் மணி குறிக்காமல் விட்ட ஒரே காரியம் அதுதான். அக்கா வராந்தாவில் உட்கார்ந்து ரங்கநாதரைத் திட்டிக்கொண்டும் கும்பிட்டுக்கொண்டும் இருந்தாள். எனக்கு ஒன்றுதான் ஓடியது. அக்கா சொன்னபடி அந்த வயிற்றை அழுத்தி நீவியிருந்தால்? என் தாளை நம்பி அஜீரணம்தான் என்று இன்னொரு பாட்டில் மிக்ஸ்சர் வாங்கியிருந்தால்? படித்தவன் சொன்னதும் படிக்காதவள் சொன்னதும் போய்ச் சேருகிற இடம் ஒன்றாகத்தான் இருந்தது.

கதவு திறந்தது. டாக்டரம்மாவின் முகமெல்லாம் வேர்வை, ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம். "சொன்ன இடத்துலயே இருந்துதுங்க! ஒரு படி ரத்தமிருக்கும். வெடிச்ச கொழாயைக் கட்டியாச்சு. நாடி திரும்பி வருது" என்றார். பரீட்சையில் தேறிய பெண்ணைப் போல அவர் அதைச் சொன்னதும், நானும் அக்காவும் அழுகையும் சிரிப்புமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டோம். எக்ஸ்ரே இல்லை, ஒரு கருவி இல்லை. நாலு கேள்வி, இரண்டு கை, கேட்கிற காது, அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் என் மனைவி நன்றாகப் பேசினாள். குழந்தை போனதைச் சொல்லி அழுதாள், நானும் அழுதேன். கொஞ்சம் பொறுத்து, "தோள்வலியை எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சொன்னனுங்களே. மாவாட்டுனதா இருக்கும்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

இன்றைக்கும் வீட்டில் யாராவது உடம்பு சரியில்லை என்றால், காரணம் தெரிந்துவிட்டது போல என் வாய் முந்திக்கொண்டு வரத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் சொல்லி நிறுத்திய பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து பார்க்கிறேன்; சொல்லத் தயங்குகிற வார்த்தை அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வெளியே வருகிறது என்பதை, என் மனைவியை இழக்கப்போன அந்தக் காலையில் தெரிந்துகொண்டேன்.