பீரோவின் கையில் கவிழ்த்த சீசா

எங்கள் சின்னம்மா மகனுக்குப் பெற்றவர்கள் என்ன பெயர் வைத்திருந்தாலும் ஊருக்கு அவன் பீரோதான். இரும்புப் பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் சாத்திக்கொண்டு மாடி ஏறுவான். வீடு மாற்றுகிறவர்கள் வண்டியைப் பேசுவதற்கு முன்னால் அவனைப் பேசுவார்கள். அப்படிச் சுமந்துதான் தங்கையைப் படிக்க வைத்தான். அவள் பூச்சி ஆராய்ச்சிக்குப் போனாள்.

அவள் வளர்த்த பூச்சி சுவர் இடுக்கில் ஒளிந்திருந்து, தூங்குகிறவர்களின் இரத்தத்தைக் குடிப்பது. மூட்டைப்பூச்சிக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள், அத்தனை பெரிது. அதன் குடலில் ஒரு கிருமி உண்டு. அது மனித உடம்புக்குள் நுழைந்தால் வருடக்கணக்கில் சத்தம் காட்டாமல் கிடந்து இருதயத்தை அரித்துவிடும். அதைக் கண்டுபிடிக்க அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கிருமி இல்லாத பூச்சிகளைச் சீசாவில் போட்டு, வாயில் வலைத்துணி கட்டி, நோயாளியின் கையில் கவிழ்ப்பார்கள். சில வாரம் கழித்துப் பூச்சியின் குடலை நுண்ணோக்கியில் பார்த்தால், அவர் இரத்தத்தில் ஒளிந்திருந்தது அங்கே பெருகி நெளியும்.

அந்தச் சுத்தப் பூச்சிகளுக்கு, இந்தக் கிருமி தங்காத கோழி இரத்தம்தான் தீனி. ஒரு கோடையில் கோழிகள் சீக்கு வந்து செத்துவிட்டன. பூச்சிகள் சருகாய்க் காய்ந்தன. அண்ணன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அவள் புலம்பினாள்.

பீரோ சட்டைக் கையை மடித்தான். "கோழிக்குப் பதிலா இந்தக் கடா இருக்கேன். கொண்டாந்து கவுத்து."

"வேண்டாம்ணா."

"உங்க அண்ணி உறிஞ்சாததையா இதுங்க உறிஞ்சப் போகுது?"

"இருந்தாத்தானே உறிஞ்சறதுக்கு," என்றாள் அவன் மனைவி, குழம்பிலிருந்து கரண்டியை எடுக்காமலே.

அதற்குப் பிறகு வேலை முடிந்த கையோடு தங்கையின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கையை நீட்டுவான். பூச்சிகள் திராட்சைப் பழம்போல உப்பின. ஆனால் அடுத்த சோதனையில், சுத்தமென்று வைத்திருந்த பூச்சிகளின் குடலில் கிருமி நெளிந்தது.

வெளியிலிருந்து பிடித்துவந்த பூச்சி ஏதோ கலந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். பூச்சிகளைப் பார்த்துக்கொள்கிறவரைத் திட்டித் தீர்த்தாள். அத்தனையையும் கொன்று, சீசாக்களைக் கொதிக்க வைத்து, முட்டையிலிருந்து புதிதாக வளர்த்தாள். அவற்றுக்கும் அண்ணன் கைதான். இதற்குள் பீரோ பாதி மாடியில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தான். "வயசாகுதுல்ல," என்பான். யாருக்கும் வேறு சந்தேகம் வரவில்லை.

புதிய பூச்சிகளிலும் கிருமி. இந்த முறை சில சீசாக்களுக்கு மட்டும், புதிதாகக் கிடைத்த ஒன்றிரண்டு கோழிகளின் இரத்தம் கொடுத்திருந்தாள். அவை சுத்தமாக இருந்தன. அன்றைக்குத்தான் அவள் சீசாவை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"பூச்சிங்க மேல தப்பில்லைண்ணா. உங்கிட்டருந்துதான் அதுங்களுக்குப் போயிருக்கு."

"அப்ப உன் வேலையைக் கெடுத்தது நான்தானா?" என்றான்.

சிறு வயதில் இருவரும் பூச்சி ஊர்ந்த மண்சுவர் வீட்டில் ஒரே பாயில் படுத்தவர்கள். சுவர் ஓரம் ஈரம் என்று அவளை உள்பக்கம் தள்ளிவிட்டு அவன் ஓரத்தில் படுப்பான். அவள் தன் இரத்தத்தையும் சோதித்தாள். ஒன்றுமில்லை.

இருதயம் வீங்கிப்போயிற்று, மருந்தெல்லாம் ஆரம்பத்தில் கொடுத்தால்தான் கேட்கும், இனிச் சுமை தூக்காதே என்றார் வைத்தியர். பீரோக்களை விட்டான். மெத்தையெல்லாம் ஒரு சுமையா என்று அதை மட்டும் விடவில்லை. ஒரு காலையில், யார் வீட்டுக்கோ எடுத்துப் போன மெத்தையின் மேலேயே மாடித் திருப்பத்தில் விழுந்து செத்துக் கிடந்தான்.

முதல் தடவையே சந்தேகப்பட்டிருந்தால் ஒரு கோடை முன்னாலேயே அண்ணன் சுமையை இறக்கியிருப்பான் என்று தங்கை அழுதாள். அண்ணியின் மனம் வேறு எங்கோ இருந்தது.

"அத்தனை சீசாவைக் கவுத்தியே, அதுலருந்துதானே வந்துச்சு?"

"இல்லை அண்ணி. அதுங்க சுத்தமானது. அதுங்க குடுக்கலை, எடுத்துச்சு."

"எடுத்துச்சோ குடுத்துச்சோ, நல்லாத்தானே அனுப்பினேன்."

எத்தனையோ முறை நான் போய் அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொள்வாள், தலையையும் ஆட்டுவாள். ஆனால் நாத்தனார் படியேறி வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். தங்கை கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போவாள்.