இறக்கத்துக்கு இரண்டு ஸ்கூட்டர்

குடிநீர் அலுவலகத்தின் ஆண்டறிக்கையில் எழுத்தர் ஒருவரைப் பற்றி மேலதிகாரி எழுதியிருந்தது இவ்வளவுதான்: "செயலில் மந்தம். முடிவெடுக்கத் தயக்கம். எவருக்கும் தீங்கு விளைவிக்காதவர்." மந்தத்தை நம்பலாம். ஒரு கோப்பை மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்த அந்த எழுத்தருக்கு ஒரு வாரம் போதாது. அதே ஆள்தான் சாயங்காலமானால் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, ஊரிலுள்ள ஸ்கூட்டர்களுக்கெல்லாம் வேகம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

கியர் இல்லாத சின்ன ஸ்கூட்டரின் வேகம், பெல்ட் சுற்றி ஓடும் ஒரு புல்லிக்குள் ஒளிந்திருக்கிறது. எஞ்சின் சுழலச் சுழல உள்ளேயிருக்கும் உருளைகள் வெளிப்பக்கம் ஓடிப் புல்லியை நெருக்கும், பெல்ட் மேலேறும், வண்டி பறக்கும். ஒரேயடியாக நெருங்கிவிடக் கூடாதென்று கம்பெனிக்காரன் உள்ளே ஓர் இரும்பு வளையம் போட்டிருப்பான். எழுத்தர் முதலில் கழற்றுவது அதைத்தான். பிறகு உருளைகளை நகைத்தராசில் நிறுத்து மாற்றுவார், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கூடுதலாகப் பாயும் பெரிய ஜெட் போடுவார், ஸ்பார்க் பிளக்கின் நுனி பிஸ்கட் நிறத்துக்கு வரும்வரை ஓட்டிப் பார்ப்பார். கழற்றிய வளையங்கள் சுவரில் ஒரு கம்பியில் தொங்கின. காற்றடித்தால் கிணுகிணுக்கும். அவற்றின் சொந்தக்காரர்களில் இருவர் இப்போது கோல் ஊன்றி நடந்தார்கள்.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து பாலம் வரை, இறக்கத்தில் ஒரு பந்தயம் என்று பேச்சு கிளம்பியது. ஒரு பக்கம் பேக்கரிக்காரன். மறுபக்கம் எழுத்தரின் மைத்துனன். மைத்துனன் வண்டியின் வளையம் போன வருஷமே கழன்றுவிட்டது. ஒரே கம்பெனி வண்டிகள். இரண்டும் வந்து நின்றதும் ஒரே கொட்டகையில்.

பேக்கரிக்காரனிடம் வேலை முடித்த வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது எழுத்தர் சொன்னார்: "தம்பி, பிரேக் பழசுதான். பாலத்துக்கு முன்னாடி வளைவு இருக்கு."

"ஓடத்தான சார் உங்ககிட்ட வந்தேன், நிக்கவா வந்தேன்?"

எழுத்தர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தயங்கினார். வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

அடுத்து மைத்துனன் தன் வண்டியைக் கொட்டகையில் விட வந்தான். "மாமா, அவனைவிட என்னுது ஒரு முழமாவது முன்னாடி போகணும். சொந்தம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு மாப்ள. அதான் பயமா இருக்கு."

அவன் போன பிறகு மனைவி கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "என்னங்க, எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அந்த வளைவைத் தாண்டி முழுசா வீடு வந்து சேரணும்."

"வருவான்."

"எப்படி வருவான்?"

"மெதுவா."

"உங்க ஆபீஸ் ஃபைல் மாதிரியா?" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

பந்தய நாளான ஞாயிறு காலை தூறல் விட்டிருந்தது. தார் ரோடு பளபளத்தது. முதலில் பாய்ந்தது மைத்துனன் வண்டிதான். லேசான உருளைகள் போட்ட வண்டி புறப்படும்போது அப்படித்தான் பாயும். அலறல் என்றால் அப்படியொரு அலறல். பாதி இறக்கத்தில் அலறல் மட்டும் ஏறியது, வேகம் ஏறவில்லை. பேக்கரிக்காரன் டாட்டா காட்டிவிட்டுக் கடந்து போனான்.

மைத்துனன் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவர் உடைந்து கிடக்கிறது என்றான். பேக்கரிக்காரனைக் கீழேயிருந்து தூக்கி வந்தார்களாம். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லையாம். சொல்லி முடித்ததும் எழுத்தரைப் பார்த்தான்.

"மாமா, என் வண்டி ஏன் போகல?"

அக்காதான் பதில் சொன்னாள். "போகாததாலதானடா இங்க வந்து நிக்கிற." தண்ணீர்ச் செம்பை அவன் கையில் திணித்தாள். பிறகு கம்பியில் தொங்கிய வளையங்களைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

அந்த ஆண்டின் அறிக்கையிலும் வாசகம் மாறவில்லை.

பந்தயத்துக்கு முன் எழுத்தர் செய்தது இதுதான்: பேக்கரிக்காரன் வண்டியிலிருந்து கழற்றிய வளையத்தை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மைத்துனன் வண்டியில் மாட்டினார்.